ஸ்டோ: கடனில் மூழ்கி வகுப்பறையில் கரையேறிய மாளிகை

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில், பக்கிங்ஹாம் என்ற சிற்றூருக்கு வடமேற்கே சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஸ்டோ மாளிகை. இருபுறச் சிறகுகளையும் சேர்த்தால் அதன் தெற்கு முகப்பின் நீளம் ஏறக்குறைய 900 அடி. முகப்புத் தூண்களுக்கு முன்னால் படிகள் இறங்குகின்றன. படிகளுக்குக் கீழே புல்வெளி, அதன் முடிவில் ஏரி, ஏரிக்கு அப்பால் குன்றின்மேல் ஒரு வெற்றி வளைவு. அரசனும் இப்படி ஒரு வீடு கட்டத் தயங்குவான். கட்டியவர்களோ ஆட்டுப்பட்டி வைத்துப் பொருள் சேர்த்த குடும்பத்தார்.

நானூறு ஆண்டுகளுக்கு மேலான அதன் வரலாற்றில் இந்த இடம் பண்ணை வீடாக இருந்தது. கட்சி அரசியலின் பாசறையாக இருந்தது. ஊர் பார்க்க வருபவர்களுக்குச் சுற்றுலாத் தலமாக இருந்தது. பிறகு ஏலக்கடை, நாடிழந்த இளவரசருக்கு வாடகை வீடு, கடைசியில் உறைவிடப் பள்ளி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் ஒன்றுதான்: கூரைக்குச் செலவழிக்க யாரிடம் பணம் இருக்கிறது என்பது. கலை, ரசனை, குடும்பப் பெருமை எல்லாம் அதற்குப் பிறகே வந்தன.

கம்பளியும் பீரும்

டெம்பிள் குடும்பத்தைச் சேர்ந்த பீட்டர் டெம்பிள் 1571-இல் ஸ்டோ நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அவருடைய மகன் ஜான் 1589-இல் அதை விலைக்கே வாங்கினார். கம்பளி விற்ற பணம் நிலமாயிற்று; நிலம் பட்டத்தையும் நாடாளுமன்ற இடத்தையும் கொண்டுவந்தது. இன்றைய மாளிகையின் நடுப்பகுதிக்குள் மறைந்திருக்கும் செங்கல் வீட்டை, மூன்றாம் பாரனெட் சர் ரிச்சர்ட் டெம்பிள் 1677-க்குப் பின் கட்டினார். கிறிஸ்டோபர் ரென்னிடம் வேலைபார்த்த வில்லியம் கிளியர் அதற்கு வரைபடம் தந்தவர். நல்ல வசதியான வீடு, அவ்வளவுதான். ஊர்கூடிப் பார்க்கும்படி அதில் ஒன்றும் இல்லை.

அதை மாற்றியவர் அவருடைய மகன், பின்னாளில் கோபம் பிரபு என்று அறியப்பட்ட நான்காம் பாரனெட். இவருக்கும் பெயர் ரிச்சர்ட் டெம்பிள்தான். படைத்தலைவர் மார்ல்பரோவின் கீழ்த் தளபதியாகப் போரிட்டவர், விக் கட்சிக்காரர். 1713-இல் போட்டிக் கட்சியினரான டோரிகள் அவரைப் படையிலிருந்து நீக்கினார்கள். அடுத்த ஆண்டு ஜார்ஜ் மன்னர் அரியணையேறியதும் பதவியும் பட்டமும் திரும்பிவந்தன. 1715-இல் லண்டனின் பெரிய பீர் ஆலை உரிமையாளர் ஒருவரின் மகளான ஆன் ஹால்சியை அவர் மணந்தார். ஸ்டோவின் பெருந்தோட்டத்துக்கு உரமிட்டதில் அந்த ஆலைப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

தோட்டத்தை விரிக்க இடம் வேண்டியிருந்தது. ஸ்டோ என்று ஒரு கிராமமும் அங்கே இருந்தது. அந்தக் கிராமம் படிப்படியாக அகற்றப்பட்டது. குடியிருந்தவர்கள் பக்கத்து ஊரான டாட்ஃபர்டுக்குப் பெயர்ந்தார்கள். இன்று கிராமத்தில் எஞ்சியிருப்பது மரங்களுக்கு நடுவே மறைந்து நிற்கும் இடைக்காலத் தேவாலயம் ஒன்று மட்டுமே. தோட்டத்தின் அழகைப் பற்றி எழுதுபவர்கள் இந்தச் செய்தியை ஒரு வரியில் கடந்துபோவது வழக்கம். ஊர் இருந்தால் காட்சி கெடும் என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஊர் இல்லாமற்போனது ஒரு வரியில் முடிகிற செய்தியல்ல.

தோட்டம் பேசிய அரசியல்

18-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இங்கிலாந்தின் பேர்பெற்ற தோட்டக்கலைஞர்களும் கட்டடக்கலைஞர்களும் பெரும்பாலும் ஸ்டோவில் வேலைபார்த்தார்கள். சார்ல்ஸ் பிரிட்ஜ்மன் தோட்டத்தின் எல்லைகளை வகுத்தார். வேலிக்குப் பதிலாக ஆழமான பள்ளம் வெட்டி, ஒருபக்கம் மட்டும் சுவர் எழுப்பும் முறையை இங்கே அவர் பெரிய அளவில் கையாண்டார். அதற்கு 'ஹா-ஹா' என்று பெயர். வீட்டிலிருந்து பார்த்தால் தடுப்பே தெரியாது. வெளியே மேயும் மாடுகள் புல்வெளியில் மேய்வதுபோலத் தோன்றும், ஆனால் உள்ளே வர முடியாது. ஜான் வான்பரோ, ஜேம்ஸ் கிப்ஸ், வில்லியம் கென்ட் ஆகியோர் ஒருவர்பின் ஒருவராகக் கோயில்களும் பாலங்களும் நினைவுத் தூண்களும் எழுப்பினார்கள். கோயில்கள் என்றாலும் வழிபாட்டுக்கு உரியவை அல்ல. கிரேக்க, ரோமானியக் கோயில்களின் சாயலில் கட்டிய தோட்ட மண்டபங்கள்.

1733-இல் பிரதமர் ராபர்ட் வால்போல் கொண்டுவந்த கலால் வரித் திட்டத்தைக் கோபம் எதிர்த்தார். அவருடைய படைப்பிரிவைப் பறித்து வால்போல் பழிதீர்த்துக்கொண்டார். அதன்பின் ஸ்டோ எதிரணியின் கூடாரமாயிற்று. கோபத்தின் மருமகன்களும் அவர்களுடைய நண்பர்களும் அங்கே கூடினார்கள். 'கோபத்தின் குட்டிகள்' என்று அவர்களைக் கேலிசெய்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்தவர்களில் ஒருவர் பிற்காலப் பிரதமர் வில்லியம் பிட்.

இந்தப் பகையைக் கோபம் தோட்டத்திலேயே கட்டிவைத்தார். 'பண்டை ஒழுக்கத்தின் கோயில்' முழுமையாக, செம்மையாக நின்றது. அதன் அருகிலேயே 'இன்றைய ஒழுக்கத்தின் கோயில்' எழுந்தது. அதைக் கட்டும்போதே இடிபாடாகக் கட்டினார்கள். உள்ளே தலையில்லாத ஒரு சிலை. அது வால்போலைக் குறிக்கிறது என்று வந்தவர்கள் புரிந்துகொண்டார்கள். எதிரே சிற்றோடைக்கு அப்பால் 'பிரிட்டிஷ் பெருமக்கள் மண்டபம்'. ஷேக்ஸ்பியர், மில்ட்டன், நியூட்டன், லாக், எலிசபெத் அரசி எனப் பதினாறு மார்பளவுச் சிலைகள் அதில் உண்டு. அப்போது உயிரோடிருந்த கவிஞர் அலெக்சாண்டர் போப்பும் அந்த வரிசையில் இடம்பெற்றார். அவர் கோபத்தின் நண்பர் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. துண்டறிக்கை எழுத வேண்டியதைக் கல்லில் எழுதிய தோட்டம் இது. வேறெந்த ஆங்கிலத் தோட்டமும் கட்சிச் சண்டையை இவ்வளவு வெளிப்படையாக நட்டுவைத்ததில்லை.

1741-இல் ஸ்டோவில் வேலைக்குச் சேர்ந்த லான்சலட் பிரவுன் என்ற இளைஞர் விரைவில் தலைமைத் தோட்டக்காரரானார். 1744-இல் அந்தக் கிராமத் தேவாலயத்திலேயே அவருக்குத் திருமணம் நடந்தது. கோயில்களைவிட மண்ணின் மேடுபள்ளமும் மரக்கூட்டமும் நீரும் போதும் என்ற எண்ணம் அவருடையது. ஸ்டோவின் 'கிரேக்கப் பள்ளத்தாக்கு' அவர் காலத்து வேலை. 1751-இல் அவர் வெளியேறினார். அதன்பின் இங்கிலாந்தின் பெருந்தோட்டங்களைத் திருத்தி அமைத்து 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்று புகழ்பெற்றார். இயற்கையாக வளர்ந்ததுபோல் தோன்றும் ஆங்கிலத் தோட்டம் ஐரோப்பா முழுவதும் பரவியதில் ஸ்டோவின் பயிற்சிக்கு முக்கிய இடம் உண்டு.

தோட்டத்தைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1717-இலேயே வருபவர்கள் தங்குவதற்காக வாசலில் 'நியூ இன்' என்ற விடுதியைக் கோபம் கட்டியிருந்தார். 1744-இல் பக்கிங்ஹாமைச் சேர்ந்த பென்டன் சீலி ஸ்டோவுக்கு வழிகாட்டி நூல் அச்சிட்டார். ஆங்கிலத் தோட்டம் ஒன்றுக்கு வெளிவந்த மிகப் பழைய வழிகாட்டிகளில் அது ஒன்று. திருத்தித் திருத்திப் பல பதிப்புகள் வந்தன. ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்காக வெட்ஜ்வுட் செய்த புகழ்பெற்ற பீங்கான் விருந்துக் கலங்களிலும் ஸ்டோவின் காட்சிகள் தீட்டப்பட்டன. 1786-இல் அமெரிக்கர்களான தாமஸ் ஜெஃபர்சனும் ஜான் ஆடம்சும் இங்கே சுற்றிப்பார்த்தார்கள். மதுக்கடவுளுக்கும் காமதேவிக்கும் கோயில்கள் தேவையில்லை, மனிதர்களுக்கு அந்த விஷயத்தில் தனியாகத் தூண்டுதல் வேண்டியதில்லை என்று ஆடம்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதினார்.

பட்டம் பெருகியது, கடனும் பெருகியது

கோபத்துக்குக் குழந்தை இல்லை. 1749-இல் சொத்து அவருடைய சகோதரியின் மகன் ரிச்சர்ட் கிரென்வில்லுக்கு வந்தது. ஏர்ல் டெம்பிள் என்ற பட்டம் பெற்ற இவர்தான் இன்று காணும் தெற்கு முகப்பை எழுப்பியவர். ராபர்ட் ஆடம் தந்த வரைபடத்தைத் தாமஸ் பிட் திருத்த, 1770-களில் வேலை நடந்தது. உள்ளே நடுவில் 'மார்பிள் சலூன்' என்ற நீள்வட்டக் கூடம். ரோமின் பாந்தியனை மனத்தில் வைத்து வின்சென்சோ வால்த்ரே அதை அமைத்தார், 1788-இல் முடிந்தது. குவிமாடத்தின் உயரம் 50 அடிக்கு மேல். சுற்றிலும் பளிங்குபோல் மெருகேற்றிய பதினாறு தூண்கள், அவற்றுக்கு மேல் ரோமானிய ஊர்வலத்தைக் காட்டும் நூற்றுக்கணக்கான உருவங்கள்.

இந்தக் குடும்பத்திலும் அதன் சம்பந்த வழியிலுமாக நான்கு பிரதமர்கள் வந்தார்கள். ஏர்ல் டெம்பிளின் தம்பி ஜார்ஜ் கிரென்வில், அமெரிக்கக் குடியேற்றங்களைக் கொதிக்கவைத்த 1765-ஆம் ஆண்டு முத்திரைத்தாள் சட்டத்தைக் கொண்டுவந்தவர். ஜார்ஜின் மகன் வில்லியம் கிரென்வில் பிரதமராக இருந்தபோது, 1807-இல், அடிமை வணிகத்துக்குத் தடை வந்தது. மற்ற இருவர் குடும்பத்தின் மருமகனான மூத்த பிட்டும் அவருடைய மகன் இளைய பிட்டும். ஆனால் அதே குடும்பத்தின் மூத்த கிளைக்கு 1796-இல் நடந்த ஒரு திருமணத்தின் வழியாக ஜமைக்காவின் 'ஹோப்' தோட்டமும் அதில் வேலைசெய்த அடிமைகளும் சொத்தாக வந்தார்கள். அடிமை வணிகத்தை ஒழித்த பெயரும் அடிமைகளின் உழைப்பில் வந்த காசும் ஒரே வீட்டில் குடியிருந்தன.

ஏர்ல் பட்டம் 1784-இல் மார்க்விஸ் ஆயிற்று. 1822-இல் 'பக்கிங்ஹாம் மற்றும் சாண்டோஸ் டியூக்' ஆயிற்று. கருவூலத்தில் வேலையே செய்யாமல் பங்குபெறும் ஒரு பதவி முதல் மார்க்விஸின் கையில் இருந்தது. நெப்போலியன் போர்க்காலத்தில் அரசின் செலவு ஏற ஏற அவருடைய வரும்படியும் ஏறியது. 1813-இல் அவர் இறந்தபோது அந்த ஊற்று வற்றியது. செலவுப் பழக்கம் மட்டும் வற்றவில்லை. முதல் டியூக் நிலம் வாங்கினார், கலைப்பொருள் வாங்கினார், எல்லாவற்றையும் கடனில் வாங்கினார். 1827-இல் வீட்டுச் செலவைக் குறைப்பதற்கென்று படகில் ஏறி மத்தியதரைக் கடலுக்குப் போனார். அந்தப் படகையும் புதிதாகக் கட்டித்தான் போனார்.

இரண்டாம் டியூக் அப்பாவை மிஞ்சினார். அரசியலில் அவர் பெயர் நிலைத்திருப்பது 1832-ஆம் ஆண்டுத் தேர்தல் சீர்திருத்தச் சட்டத்தில் அவர் சேர்த்த 'சாண்டோஸ் பிரிவால்'. ஆண்டுக்கு 50 பவுண்டு கட்டும் குத்தகைக்காரர்களுக்கு வாக்குரிமை தந்த அந்தப் பிரிவு, அவர்கள்மேல் நிலக்கிழார்களுக்கு இருந்த பிடியையும் இறுக்கியது. 1844-இல் மகனுக்கு 21 வயது நிறைந்ததும், சொத்தை விற்கவிடாமல் காத்துவந்த வாரிசுக் கட்டை அவருடைய கையொப்பத்தோடு உடைத்தார். 1845 ஜனவரியில் விக்டோரியா அரசியும் ஆல்பர்ட் இளவரசரும் விருந்தாளிகளாக வந்தார்கள். அவர்களுக்காக அறைகள் புதுப்பிக்கப்பட்டன, விரிப்புகள் மாற்றப்பட்டன. அரசிக்குப் பரிமாறிய பணியாளர்களில் சிலர் சீருடை போட்ட ஜப்திக்காரர்கள் என்று ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அது பிறக்க வேண்டிய வீடு அதுதான்.

அப்போது கடன் 10 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது. 1847-இல் எல்லாம் சரிந்தது. டியூக் கடன்காரர்களுக்கு அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறினார்.

நாற்பது நாள் ஏலம்

1848 ஆகஸ்டில் கிறிஸ்டிஸ் நிறுவனம் ஸ்டோவில் ஏலத்தைத் தொடங்கியது. ஓவியம், சிலை, வெள்ளிப் பாத்திரம், பீங்கான், கட்டில், மேசை, நிலவறையிலிருந்த மதுக்குப்பிகள் என்று நாற்பது நாள் ஏலம் போயிற்று. கிடைத்தது சுமார் 75,000 பவுண்டு. கடனின் அளவைப் பார்த்தால் கொசுறு. கூட்டமோ கொஞ்சமல்ல. ஒரு டியூக்கின் படுக்கையறையைக் காலணியோடு நடந்து பார்க்கக் கிடைத்த வாய்ப்பை யாரும் விடவில்லை. அந்த ஆண்டு ஐரோப்பாவில் அரியணைகள் ஆடிக்கொண்டிருந்தன. இங்கிலாந்தில் புரட்சி வரவில்லை, ஏலக்காரரின் சுத்தியல் வந்தது என்று சொல்லலாம்.

ஏலத்தில் போனவற்றின் பிற்கால வரலாறு தனிச் சுவையுடையது. ஷேக்ஸ்பியரின் உருவம் என்று உலகம் அறிந்த 'சாண்டோஸ் ஓவியம்' ஸ்டோவிலிருந்து போனதுதான். எல்ஸ்மியர் பிரபு அதை 355 கினிக்கு வாங்கினார். 1856-இல் லண்டனில் தேசிய உருவப்படக் கூடம் நிறுவப்பட்டபோது அதற்கே கொடுத்தார். அந்தக் கூடத்தின் பதிவேட்டில் முதல் எண் அந்த ஓவியத்துக்கு உரியது. கையெழுத்துப் பிரதிகள் ஆஷ்பர்னம் பிரபுவிடம் போய், 1883-இல் அரசு வாங்கி, இன்று பெரும்பாலும் பிரிட்டிஷ் நூலகத்தில் 'ஸ்டோ சுவடிகள்' என்ற பெயரில் உள்ளன. குடும்பத்தின் கணக்கு வழக்குக் காகிதங்கள் 20-ஆம் நூற்றாண்டில் கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. டியூக்குகள் எப்படிக் கடன்பட்டார்கள் என்று ஆராய்பவர்கள் இன்று அமெரிக்காவுக்குப் போக வேண்டும்.

இரண்டாம் டியூக்கின் மனைவி 1850-இல் மணமுறிவு பெற்றார். 1861-இல் டியூக் இறந்தது லண்டன் பாடிங்டன் ரயில் நிலைய ஓட்டலில்.

சென்னைக் கால்வாயின் டியூக்

மூன்றாம் டியூக் ரிச்சர்ட் கிரென்வில் அப்பாவுக்கு நேர்மாறானவர். ஏலத்தின்போது அவருக்கு வயது 25. விற்க வேண்டிய நிலத்தை விற்று, கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, பிரபுக்கள் செய்யாத ஒரு காரியத்தையும் செய்தார்: வேலைக்குப் போனார். 1853 முதல் 1861 வரை லண்டன் அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் தலைவராக இருந்தார். டியூக் ஆனபின் ஸ்டோவைத் திறந்து முடிந்தவரை சீர்செய்தார். 1867-இல் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சரானார். 1875 நவம்பரில் சென்னை மாகாண ஆளுநராக வந்திறங்கினார்.

அடுத்த ஆண்டே மழை பொய்த்தது. தமிழகம் இன்றும் 'தாது வருடப் பஞ்சம்' என்று நினைவுகூரும் 1876–78 பஞ்சம் அவர் ஆட்சிக் காலத்தில்தான் வந்தது. அவருடைய அரசு தொடக்கத்தில் வெளியே தெரியாமல் 30,000 டன் தானியம் வாங்கிச் சேர்த்தது. சந்தையில் அரசு கைவைக்கக் கூடாது என்ற கொள்கையில் ஊறிய வைஸ்ராய் லிட்டனின் அரசு அதைக் கண்டித்தது. லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் (ஸ்டோவில் இருந்த அதே பெயர்க்காரர்கள் அல்லர்), நிவாரணப் பணிகளில் வேலைசெய்தவர்களின் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் அளவுக்குக் குறைத்தார். உடலுழைப்புக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். 1877-இல் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் மாகாணத்தில் லட்சக்கணக்கான உயிர்கள் போயிருந்தன. பக்கிங்ஹாம் டியூக்கைப் பஞ்சத்தின் முதற்குற்றவாளி என்று சொல்ல முடியாது; மேலிடத்தை மீறி மக்களைக் காத்தவர் என்றும் சொல்ல முடியாது.

பஞ்ச நிவாரண வேலையாக நடந்தவற்றில் பெரியது கடலோரக் கால்வாய். 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய நீர்வழி பல கட்டங்களில் நீண்டுவந்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் பகுதியைப் பட்டினியில் வாடிய தொழிலாளர்கள் 1877–78-இல் வெட்டினார்கள். 1878-இல் அதற்குப் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயரிட்டார்கள். இன்று சென்னையின் பறக்கும் ரயில் தூண்கள் ஊன்றியிருப்பது அந்தக் கால்வாயில்தான்.

1880-இல் நாடு திரும்பிய டியூக் 1889-இல் இறந்தார். மூன்று மகள்கள்; மகன் இல்லை. டியூக் பட்டம் அவரோடு முடிந்தது. வீடு மூத்த மகள் கின்லாஸ் சீமாட்டியிடம் வந்தது.

வாடகைக்கு ஒரு பிரெஞ்சு 'மன்னர்'

அந்த நேரத்தில் இங்கிலாந்தின் எல்லாப் பெரிய நாட்டுப்புற மாளிகைகளுக்கும் ஒரே நோய். 1870-களிலிருந்து அமெரிக்கக் கோதுமை கப்பலில் மலிவாக வந்து குவிந்ததால் நிலத்தின் வருமானம் விழுந்தது. 1894-இல் வந்த வாரிசு வரியின் உச்ச விகிதம் 8 சதவீதம். 1919-க்குள் அது 40 ஆயிற்று. ஸ்டோவைப் போன்ற வீட்டை நிலக் குத்தகையை நம்பி நடத்த இனி வழியில்லை.

வாடகைக்கு விடுவது முதல் தீர்வு. 1886-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரான்சிலிருந்து வெளியேற்றப்பட்ட பாரிஸ் கோமகன் பிலிப், பிரெஞ்சு அரியணைக்கு உரிமை கோரியவர், ஸ்டோவில் குடியேறினார். 1894 செப்டம்பரில் அங்கேயே இறந்தார். அதன்பின் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் வீட்டின் ஒரு மூலையை மட்டும் பயன்படுத்தினார்கள். முதல் உலகப் போரின் தொடக்க மாதங்களில் கின்லாஸ் சீமாட்டியின் மூத்த மகன் போர்முனையில் கொல்லப்பட்டார். 1921-இல் குடும்பம் மாளிகையையும் எஞ்சிய பொருள்களையும் விற்றது. தோட்டத்துச் சிலைகளும் அப்போது போயின. தெற்குப் படிக்கட்டை அணிசெய்த சிங்கங்கள் கடற்கரைச் சுற்றுலா நகரமான பிளாக்பூலின் பூங்காவுக்குப் போயின. மாளிகையை வாங்கியவர் நாட்டுக்கே கொடுத்துவிட விரும்பினார். ஆனால் பராமரிக்க முதலீடும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்; அது நடக்கவில்லை. 1922-இல் மறுபடி விற்பனைக்கு வந்தபோது, கட்டடத்தை இடித்து கல்லையும் மரத்தையும் விற்பதே லாபம் என்ற நிலை. அந்தக் காலத்தில் இப்படி இடிபட்ட மாளிகைகள் ஏராளம்.

பாடம் நடக்கும் அரண்மனை

ஸ்டோவைக் காத்தது பள்ளிக்கூடம். போருக்குப்பின் இங்கிலாந்தில் கட்டணம் வாங்கும் உறைவிடப் பள்ளிகளுக்குத் தேவை கூடியிருந்தது. பெர்சி வாரிங்டன் என்ற பாதிரியார் கடன் வாங்கிப் பள்ளிகளைத் தொடங்குவதில் துணிந்தவர். அவரைச் சேர்ந்த குழுவினர் ஸ்டோவை வாங்கினார்கள். அதே நேரத்தில் பக்கிங்ஹாமிலிருந்து வெற்றி வளைவு வரை செல்லும் சாலைமரங்கள் வீட்டுமனைகளாகத் துண்டுபட இருந்தன. கட்டடக்கலைஞர் கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் அந்தப் பாதையைத் தம் பணத்தில் வாங்கி வைத்துக்கொண்டார். பின்னர் ஈட்டன் பள்ளி அதை வாங்கி, புதிதாகப் பிறந்த ஸ்டோ பள்ளிக்குப் பரிசாகத் தந்தது.

1923 மே 11-ஆம் நாள் 99 மாணவர்களோடு பள்ளி திறந்தது. முதல் தலைமையாசிரியர் ஜே. எஃப். ராக்ஸ்பரோ 1949 வரை நடத்தினார். பழைய பள்ளிகளின் அடிதடி மரபுகளை விட்டு, மாணவர்களை முதற்பெயரால் அழைத்து, அழகான சூழலில் வளர்வதும் கல்விதான் என்று நம்பியவர் அவர். முதல் ஆண்டுகளில் படித்தவர்களில் ஒருவர் நடிகர் டேவிட் நிவன். பிற்காலத்தில் ரிச்சர்ட் பிரான்சன் இங்கே படித்து, 16 வயதில் வெளியேறித் தொழிலில் இறங்கினார். 1930-களில் ஆங்கிலம் கற்பித்த டி. எச். ஒயிட், வேலையை விட்டபின் ஸ்டோ நிலத்தில் வேட்டைக்காவலர் குடிசை ஒன்றில் தங்கி ஆர்தர் மன்னர் கதைகளை எழுதினார்.

விருந்துக் கூடம் மாணவர்களின் உணவுக்கூடமாயிற்று. நூலகம் நூலகமாகவே இருந்தது. அரசியின் பெயர்கொண்ட தோட்ட மண்டபத்தில் இசை வகுப்பு நடந்தது. விடுதிகளுக்குக் கோபம், டெம்பிள், கிரென்வில், சாண்டோஸ் என்று குடும்பப் பெயர்கள் வைத்தார்கள். அந்த வரிசையில் வால்போலுக்கும் ஒரு விடுதி உண்டு. தலையில்லாத சிலை வைத்துப் பகை தீர்த்த கோபம் இதை நிச்சயம் ஒப்பியிருக்க மாட்டார். பக்கத்திலுள்ள சில்வர்ஸ்டோன் கார் பந்தயத் தளத்தில் ஒரு வளைவுக்குப் பள்ளியின் பெயரால் 'ஸ்டோ' என்று பெயர். ஃபார்முலா ஒன் பார்ப்பவர்கள் அந்தப் பெயரைப் பலமுறை கேட்டிருப்பார்கள்.

பள்ளி வீட்டைக் காத்தது என்பது முழு உண்மை அல்ல. வீட்டின் கூரையைக் காத்தது; தோட்டத்தைக் கொஞ்சம் தின்னவும் செய்தது. ராபர்ட் லோரிமர் வரைந்த பள்ளித் தேவாலயம் 1920-களின் இறுதியில் கட்டப்பட்டபோது, தூண்களுக்காக 'ஒற்றுமையும் வெற்றியும்' என்ற பழைய மண்டபத்திலிருந்து 16 தூண்களைப் பெயர்த்து எடுத்தார்கள். அவை இருந்த இடத்தில் செங்கல் சுவர் நின்றது. கட்டணத்தை நம்பி நடக்கும் ஒரு பள்ளி நாற்பது மண்டபங்களைப் பழுதுபார்க்க முடியாதுதான். ஆனால் பெயர்த்தெடுத்ததற்கு அது சமாதானம் ஆகாது.

இரண்டு உரிமையாளர்கள்

1989-இல் தோட்டம் நேஷனல் டிரஸ்ட்டுக்குக் கைமாறியது. ஏரிகளில் சேர்ந்த சேற்றை அள்ளினார்கள், ஆயிரக்கணக்கான மரங்களும் செடிகளும் நட்டார்கள், விழுந்துகொண்டிருந்த மண்டபங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சீர்செய்தார்கள். தேவாலயத்துக்குப் போன தூண்களுக்குப் பதில் புதியவை செதுக்கி நட்டார்கள். விற்றுப்போன சிலைகள் சிலவற்றுக்கு நகல் செய்து பழைய இடத்தில் வைத்தார்கள். தெற்குப் படிக்கட்டில் இப்போது நிற்கும் சிங்கங்களும் நகல்களே. கோபம் கட்டிய நியூ இன் பாழடைந்து கிடந்தது. 2012-இல் அது மறுபடி திறந்து பார்வையாளர் நுழைவாயிலாயிற்று. முந்நூறு ஆண்டுக்குமுன் எதற்காகக் கட்டினார்களோ அதற்கே அது திரும்பிவிட்டது. ஜேம்ஸ் கிப்ஸ் கட்டிய கோதிக் மண்டபம் லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அமைப்பிடம் உள்ளது. வாடகை கட்டினால் யாரும் அதில் விடுமுறை கழிக்கலாம்.

மாளிகைக்கு 1997-இல் தனி அறக்கட்டளை அமைந்தது. 2000-இல் கட்டடம் அதன் பொறுப்புக்கு வந்தது. பள்ளி நீண்டகாலக் குத்தகைதாரராகத் தொடர்கிறது. 2002-இல் உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்திலுள்ள நினைவுச்சின்னங்கள் பட்டியலில் ஸ்டோவைச் சேர்த்ததும் நன்கொடைகள் வந்தன. வேலையை ஆறு கட்டங்களாகப் பிரித்துத் தொடங்கினார்கள். வடக்கு முகப்பு, மார்பிள் சலூன், தெற்கு முகப்பு, நூலகக் கூரை எனத் தொடர்ந்தது. இதற்கிடையில் திருமணங்களுக்கும் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விடுவதும் நடக்கிறது. 1989-இல் வெளிவந்த 'இந்தியானா ஜோன்ஸ் அண்டு த லாஸ்ட் குருசேட்' படத்தில் பெர்லின் நகரில் நாஜிகள் புத்தகம் எரிக்கும் காட்சி எடுக்கப்பட்டது ஸ்டோவின் முன்றிலில்.

இன்றைய ஏற்பாட்டில் குறை இல்லாமல் இல்லை. வரிச்சலுகையும் பொது நன்கொடையும் பெற்றுப் புதுப்பித்த கூடங்களில் ஆண்டின் பெரும்பகுதி உலவுவது உயர்ந்த கட்டணம் செலுத்தும் குடும்பங்களின் பிள்ளைகள்தான். ஆனால் மாளிகைக்குக் கிடைத்த வாய்ப்புகளில் இதைவிட நல்லது இருந்ததாகச் சொல்லவும் முடியவில்லை. வெறும் அருங்காட்சியகமாக வைத்திருந்தால் உள்ளே காட்டுவதற்குப் பொருளே மிச்சமில்லை. எல்லாம் 1848-இலும் 1921-இலும் போய்விட்டன. ஓட்டலாக்கியிருந்தால் அறைகளைத் துண்டு போட்டிருப்பார்கள். டியூக்குகள் 180 ஆண்டுக்குமுன் விட்ட இடத்திலிருந்து, ஒரு பள்ளியும் இரண்டு அறக்கட்டளைகளும் சேர்ந்துதான் அந்தக் கூரையைத் தாங்குகின்றன.

பார்க்க விரும்புபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தோட்டத்துக்கு நேஷனல் டிரஸ்ட்டின் நுழைவுச்சீட்டு, மாளிகைக்குத் தனி அனுமதி. பள்ளி நடக்கும் நாள்களில் உள்ளே விடும் நேரம் மாறுவதால், கிளம்புமுன் இரண்டு இடத்திலும் கேட்டுக்கொண்டு போவது நல்லது.